இரண்டாவது சத்தம்

போன வாரம் தஞ்சாவூரில் காருக்கு நாலு டயரும் புதுசாக மாற்றினேன். கடைக்காரர் சோப்புத் தண்ணீரில் துணியை முக்கி டயர் விளிம்பில் தடவ, அந்த வாசனைக்கே என் கால்கள் தாமாகச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டன. "ஏன் சார் வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றார். "காத்து நல்லா வருதுங்க" என்றேன். சித்திரை உச்சி வெயிலில் தஞ்சாவூரில் காற்று வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காற்றடிக்கும்போது டயரின் விளிம்பு ரிம்மில் ஏறி உட்காரும். அப்போது இரண்டு சத்தம் கேட்கும். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. டப், டப். இரண்டாவது வராவிட்டால் டயர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். வலங்கைமானில் காதர் பாயின் டயர் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். பேசிக்கொண்டிருந்தேன் என்பதே சரி. இரண்டாவது சத்தம் வந்ததும் வண்டிக்காரர் கைதட்ட வேண்டும் என்று ஒரு வழக்கத்தையே அங்கே உண்டாக்கி வைத்திருந்தேன். "கடையாடா இது, கல்யாண மண்டபமா?" என்பார் பாய்.

நாகப்பட்டினத்துச் செல்வம் அண்ணன் வாரத்தில் நாலு நாள் கடலுக்குப் போவார். மீதி நாள் வேனில் மீன் கொண்டுவந்து எங்கள் பக்கம் விற்பார். மீன் பெட்டியிலிருந்து வழிகிற உப்புத் தண்ணீர் இறங்கி இறங்கி அவர் வண்டி ரிம் முறுக்கு மாதிரி பொரிந்து கிடந்தது. புது டயர் வாங்கி வந்திருந்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குக் கிளம்பும்போது பாய் சொன்னார்: "துருவ நல்லா சுரண்டிட்டு மாட்டு. நாப்பதுக்கு மேல காத்து வைக்காத. ஒக்காரலன்னா இறக்கிட்டு மறுபடி சோப்பு போடு. புரியுதா?"

புரிந்தது. சுரண்டத்தான் சோம்பல். கம்பி பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்து மாட்டிவிட்டேன். முதல் டப் வந்தது. காற்றுமானியின் முள் நாற்பதைத் தொட்டது. இரண்டாவது வரவில்லை. அண்ணன் கைதட்டத் தயாராக நின்றார். ஐம்பது. அறுபது.

"மாப்பிள்ளை மணையில ஒக்கார மாட்டேங்குறாரு அண்ணே. சீர் பத்தலையாம். கிட்ட வந்து கேளுங்க, முனகுறாரு."

அவர் சிரித்துக்கொண்டே குனிந்து இடது காதைக் கொண்டுபோனார்.

அதற்குப் பிறகு வந்ததை டப் என்று எழுத முடியாது. டயர் ரிம்மை விட்டுப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. அண்ணன் காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. எனக்கு ஒரு கட்டைவிரல் நகம் மட்டும் பெயர்ந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பாய் தலையில் தொப்பியோடு ஓடிவந்தார். "எத்தன வச்ச?"

"நாப்பதுதான் பாய்."

படுத்திருந்த அண்ணன் எனக்காகப் பேசினார். "தம்பிய திட்டாதீங்க பாய். என் ரிம்முதான் துரு. ஒனக்கு ஒண்ணும் ஆவலையே தம்பி?"

இடது காது போனது போனதுதான். ஒற்றைக் காதுக்குச் சத்தம் கேட்கும். எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. கரையில் அது சின்னக் குறை. கடலில், மூடுபனியில், எதிர்ப்படகின் இன்ஜின் எந்தப் பக்கம் உறுமுகிறது என்று தெரியாவிட்டால் உயிர் போய்விடும். இரண்டு முறை மயிரிழையில் தப்பியபின் படகை விற்றார். மீன் ஏலக்கூடத்தில் பெட்டி சுமந்தார்.

உண்மையைச் சொல்லிவிட ஒரே ஒரு தடவை நாகப்பட்டினம் போனேன். துறைமுகச் சுவரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், இடது பக்கமாக. தற்செயல் என்றால் நீங்கள் நம்புவீர்கள், நான் நம்பமாட்டேன். "அறுபது வச்சேன் அண்ணே" என்றேன், கடலைப் பார்த்தபடி, மெதுவாக. அவர் திரும்பவில்லை. கொஞ்சம் கழித்து, "டீ சாப்புடுறியா தம்பி?" என்றார். சாப்பிட்டேன். சொல்லியாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அடுத்த தடவை வலது பக்கம் உட்காருவதாக இருந்தேன். காதர் பாய் போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். போன ஆடியில் செல்வம் அண்ணனும் இறந்துவிட்டார். எனக்குத் தகவல் வரப் பத்து நாளானது. நான் சொல்லியிருக்க வேண்டிய அந்த வலது காதும் இனி இல்லை.