சீலிங்கில் இரண்டு சதுரம்

அந்தப் பெயிண்டர் அரியாங்குப்பத்திலிருந்து பாலம் தாண்டி, சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள். கண்ணிமை முடியில்கூட வெள்ளைத் தூள். எந்த நிறமானாலும் முதலில் ஒரு சதுரம் அடித்து, காலையிலும் சாயங்காலத்திலும் பார்க்கச் சொல்வது அவர் பழக்கம்.

பக்கவாதம் வந்து பேச்சிழந்து படுத்திருக்கும் என் மனைவியின் அறைக்கு, வெளிர் மஞ்சளா கருநீலமா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பெயிண்டர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படுத்திருக்கவங்க செவுத்தையா சார் பாப்பாங்க?"

ஏணி போட்டு, சீலிங்கில், அவள் முகத்துக்கு நேர் மேலே இரண்டு நிறத்தையும் பக்கம் பக்கமாக அடித்தார்.

"அம்மா, புடிச்சதையே பாத்துக்கினு இருங்க. நான் புரிஞ்சிக்கறேன்."

இரண்டு நாள், இரண்டு வேளையும் வந்து கட்டிலருகே நின்று அவள் கண்ணையே கவனித்தார். மஞ்சளைத்தான் பார்க்கிறாள் என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் கடைசியில் ஏணியில் ஏறி, பிரஷை அவள் பார்வைக்கு நேராக இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினார். அவள் கண் அசையவில்லை.

இறங்கி வந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

"அம்மா எதையும் பாக்கல சார். இனிமே நீங்கதான் சொல்லணும். சொல்லுங்க, வந்து அடிச்சிடறேன்."

டாக்டர் இதையே சொன்னபோது சண்டை போட்டவன் நான். இவரிடம் சரி என்று தலையாட்டினேன்.

ஏணியை விட்டுவிட்டுப் போனார். மாதங்களாகிவிட்டன. நான் இன்னும் சொல்லவில்லை. அவரும் ஏணியைக் கேட்டு வரவில்லை.