இருக்கு என்று சொன்ன வீடு

அரிசிப் பானை காலியானால் அம்மா "அரிசி நிறைஞ்சிருக்கு" என்பாள். தாராவிக்குக் குடிவந்த பிறகும் அது மாறவில்லை. அரிசி, விளக்கு, வீடு, பிள்ளை இவற்றோடு 'இல்லை' என்ற சொல்லைச் சேர்த்து எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. இதில் அம்மாவைவிட அப்பா கண்டிப்பு. இந்த வழக்கத்தால் ஒரு வீடு எங்கள் கையைவிட்டுப் போகப் பார்த்தது.

அப்பாவுக்குத் தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. நாங்கள் ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தோம். மழைக்காலத்தில் கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் கொடுத்து, எல்லோரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்போம். வருமானம் குறைந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து செம்பூர்ப் பக்கம் வீடு கட்டிக்கொள்ள சர்க்கார் கடன் கொடுக்கிறது என்று பட்டறையில் பேச்சு அடிபட்டது. ஆபீசுக்குப் போய் விவரம் கேட்டு வந்தவள் நான்தான். நான் மெட்ரிக் பாஸ். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மராத்தி பேசுவேன், இங்கிலீஷ் எழுதுவேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், பம்பாயில் பல வருஷம் குடியிருந்திருக்க வேண்டும், வேறெங்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. சம்பளச் சீட்டும் ரேஷன் கார்டும் தயாராக எடுத்து வைத்தேன். சொந்த வீட்டைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்கு ஏது வீடு?

அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாஸ்தா வயதான மராத்திக்காரர். கேள்விகளை என்னிடம் கேட்டார், நான் அப்பாவிடம் கேட்டுப் பதில் சொன்னேன். சொந்த வீடு உண்டா என்பதை மட்டும் அப்பாவைப் பார்த்து இந்தியிலேயே கேட்டுவிட்டார். நான் வாய் திறக்குமுன் அப்பா நிமிர்ந்து நின்றார்.

"ஹை, சாப். காவ் மே ஹை."

ஊரில் இருக்கிறதாம். குமாஸ்தா பேனாவை மூடினார்.

அது பனையோலைக் கூரை, பெரியப்பாவும் சித்தப்பாக்களும் நெருக்கிக்கொண்டு கிடக்கிறார்கள், அப்பாவுக்கு அதில் ஒரு பங்கு மட்டும்தான் என்று மன்றாடினேன். பங்கு இருந்தாலும் வீடு வீடுதான் என்றார் குமாஸ்தா. பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த பத்திரம் கொண்டுவந்தால் கடனுக்கு எழுதலாம் என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா சும்மா விடவில்லை.

"மழைக்கு ஆடுகூட ஒதுங்காத எடம். அதப் போயி சர்க்கார் ஆபீஸ்ல பெருமை பேசிட்டு வந்திருக்கிய."

"வீடு இல்லன்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?" என்றார் அப்பா. பிறகு, "பங்கையும் எழுதிக் குடுத்துட்டா, கொடைக்கு வரி கேட்டு நம்ம வாசலுக்கு எவன் வருவான்?"

ஊர் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்கு, ஊரில் வீடு உள்ள குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி உண்டு. தாராவியில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்களிடமும் வருஷந்தோறும் வீடு வீடாக வந்து வாங்குவார்கள். வரி கொடுக்கிறவன்தான் ஊர்க்காரன். அப்பா ஒரு வருஷமும் தவறியதில்லை.

"வரி கேக்க வாரவன் இங்க முட்டளவு தண்ணியில நின்னுல்லா கேக்கான்" என்றாள் அம்மா.

அந்த வருஷக் கொடைக்கு ஊருக்குப் போன அப்பா, பத்திரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுத் திரும்பினார். நெசமாத்தானா என்று பெரியப்பா இரண்டு தடவை கேட்டாராம்.

மறுபடி அதே குமாஸ்தா, அதே கேள்வி. அப்பா என்னைப் பார்த்தார்.

"நீயே சொல்லிரு."

"இல்லை" என்று நான் மராத்தியில் சொன்னேன். பிற மொழியில் சொன்னால் அவ்வளவாக உறைக்காது என்று நினைத்திருந்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். சில மாதங்களில் கடன் சாங்ஷன் ஆனது.

அடுத்த கொடைக்கு வரி வாங்க ஊர்க்காரர்கள் இரண்டு பேர் எங்கள் சந்துக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டில் வாங்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி நடந்தார்கள். அப்பா வெளியே போய் அவர்களைக் கூப்பிட்டார். மூத்தவர் சங்கடத்தோடு நின்றார்.

"ஊர்ல இப்பம் ஒங்களுக்கு வீடு இல்லையே, அண்ணாச்சி."

நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செம்பூரில் அப்போது அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பள்ளமும், அதில் தேங்கிய மழைத் தண்ணீரும், கரையில் ஒரு செங்கல் குவியலும்தான் இருந்தன. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

"இருக்கு" என்றார் அப்பா. "செம்பூர்ல இருக்கு." மடியிலிருந்து வரிப் பணத்தை எடுத்து நீட்டினார்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவின் கை நீட்டியபடியே இருந்தது. பிறகு மூத்தவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் பணத்தை வாங்கிக்கொண்டார்.