இழுத்துப் பார்க்கும் பியூலா

தங்க வயலின் சாம்பியன் ரீப்ஸ் நிலையத்தில் ரயில் ஏறியதும் பியூலா முதலில் இழுத்துப் பார்ப்பது ரத்தினம்மாவின் தோளில் இருக்கும் சேலைப் பின். அடுத்து டிபன் கேரியரின் கொக்கி, தன் பையின் ஜிப், எதிரில் இருக்கும் ஷைலாவின் அடையாள அட்டைக் கயிறு.

"வுடுடி, சேல கிழியப்போவுது. நா இன்னா உன் ஒயரா?" என்று ரத்தினம்மா திட்டுவார்.

"ஒயரா இருந்தா இன்னேரம் பாஸ் பண்ணியிருப்பேன்க்கா. நீ ரிஜெக்ட்டு!"

பெட்டியே சிரிக்கும். விடிந்தும் விடியாத அந்த நேரத்தில், ஒரே தொழிற்சாலைக்குப் போகும், தூக்கம் கலையாத பதினான்கு பெண்களின் சிரிப்பு.

பியூலாவுக்கு வயது நாற்பத்திரண்டு. ஒயிட்பீல்டு பக்கம், கார் கம்பெனிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்து அனுப்பும் பெரிய தொழிற்சாலையில் பதினோரு வருடமாகப் பரிசோதனை மேசை. ஒயர் முனையைத் தள்ளு, 'டிக்' என்று சத்தம் கேட்கிறதா பார், பிறகு இழு. கையோடு வந்துவிட்டால் திருப்பி அனுப்பு. நாள் முழுக்க இதே வேலை. அந்த வேலை விரல்களில் ஊறி, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தின் நாடாவைக்கூட விடுவதில்லை.

"கம்பெனி எப்படி?" என்று, அன்று அவர்களோடு பயணித்த நான் கேட்டேன்.

"நல்ல கம்பெனிதாங்க. பொய் சொல்லக் கூடாது. பி.எஃப். ஒழுங்கா கட்றான். கேன்டீன்ல சோறு சூடா கீது. ஒருத்தனும் கெட்ட வார்த்த பேச மாட்டான். எங்க ரயிலு எப்ப வந்து சேருதுன்னு மட்டும் அவனுக்குத் தெரியாது."

அந்த ஒன்றில்தான் பதினான்கு குடும்பங்களின் உலை கொதிப்பதும் அடங்குவதும் இருக்கிறது. எட்டரை மணி ஷிப்டு, அடுத்த மாதம் முதல் எட்டு மணிக்கு மாறுகிறது. இந்த ரயில் ஒயிட்பீல்டைத் தொடுவதே எட்டுக்கு. இதை விட்டால் வேறு ரயில் இவர்களுக்கு இல்லை. மாதத்தில் மூன்று முறை தாமதமானால் வேலையிலிருந்து நின்றுவிட வேண்டியதுதான்.

நேற்று எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்களாம். 'எங்களிடம் வேலை செய்வது பற்றி உங்கள் கருத்து.' பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே அழும் முகத்திலிருந்து சிரிக்கும் முகம் வரை ஐந்து படங்கள். 'பெயர், எண் எழுத வேண்டாம்' என்று தலைப்பிலேயே அச்சிட்டிருந்தது. இன்று வாசல் பெட்டியில் போட வேண்டும்.

"நா எல்லாத்துக்கும் சிரிக்கிற மூஞ்சியே டிக் போட்டுட்டேன்க்கா. எதுக்கு வம்பு?" என்றாள் ஷைலா. போன வருடம்தான் வேலைக்குச் சேர்ந்த பெண்.

பியூலா மடியில் டிபன் மூடியை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, அடியில் கன்னடத்தில் எழுதினார். 'எட்டு மணிக்கு எங்கள் ரயில் வராது. எட்டரையே வேண்டும். தங்க வயலிலிருந்து பதினான்கு பேர் வருகிறோம்.' அதோடு நிற்கவில்லை. கீழே தன் பெயர், தன் எண்: 2716.

ஷைலா பதறிவிட்டாள். "நம்பர் எதுக்குக்கா போட்ட? தேடிப் புடிச்சித் தூக்கிடுவாங்க!"

"தேடணும்னுதான்டி போட்டேன்." பியூலாவின் குரல் உயரவில்லை. "எங்க நைனா தங்கச் சொரங்கத்துல, போர்டுலேருந்து நம்பர் போட்ட பித்தள டோக்கன எடுத்துக்கினுதான் கேஜ் லிப்ட்ல எறங்குவாரு. போர்டுல கொக்கி காலியா இருந்தா, அந்த நம்பர் ஆளு கீழ கீறான்னு அர்த்தம். ஒரு நாளு உள்ள பாறை வெடிச்சிது. காலிக் கொக்கியப் பாத்துதான் தேடப் போனாங்க, எங்க நைனா மேல வந்தாரு. நம்பர் இல்லாம கத்தினா யாருடி வருவா?"

  

ரத்தினம்மா தன் தாளை நீட்டினார். "நீ எழுதினத அப்பிடியே எனக்கும் எழுது. நம்பர நானே போட்டுக்கறேன்."

அதன்பின் பேனா கை மாறிக்கொண்டே போனது. பங்காருபேட்டை கடந்தது, டேக்கல் கடந்தது. ஷைலா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாலூர் வந்தபோது திரும்பி, "பேனா எங்க கீது?" என்றாள். நான்கு பேர் கடைசிவரை எழுதவில்லை. பியூலா அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுடைய தாள்களையும் வாங்கி நடுவில் சேர்த்து அடுக்கினார்.

ஒயிட்பீல்டு நெருங்கியது. எல்லோரும் எழுந்து பைகளை மாட்டினார்கள். தாள்களைச் சேர்த்துக் குத்த எதுவும் இல்லை. ரத்தினம்மா தோளிலிருந்த பின்னைக் கழற்றி நீட்டினார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பதினான்கு தாள்களையும் சேர்த்துக் குத்திய பியூலா, கதவருகே நின்று, மேல் தாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு அடித்தாளை.