கடைக் கண்ணாடி முன்னால் நின்றவர்

சலவைக் கடையில் நீராவி இஸ்திரி போடும் அவருக்கு ‘மடிப்பு மாஸ்டர்’ என்று பெயர். அவர் போட்ட மடிப்பு, சட்டை கிழிந்தாலும் கலையாது என்பார்கள். அதில் பாதி உண்மை. எதிர் மேசையில் துணியை மடித்து உறையில் போடுவது அவர் மனைவி. நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டேதான் வேலை. அப்படியிருந்தும் அந்த மனிதர் ஒன்றை மறைத்துவிட்டார் பாருங்கள்.

அவருக்குப் புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கட்டியைச் சுருக்க ஊசி போடுகிறார்கள் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அது பொய்யில்லை. ஆண் ஹார்மோனை அடக்கித்தான் சுருக்குகிறார்கள் என்பதை மட்டும் விழுங்கிவிட்டார். ஆசை என்பதே அற்றுப் போயிருந்தது. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்த்தது. நீராவிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு வியர்த்தால் யார் கேட்கப் போகிறார்கள்? வீட்டிலும் அந்த வியர்வையையே சாக்காக வைத்து, படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டார்.

கட்டி அடங்கியது. ஆனால் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, நின்றால் விட்டது. இஸ்திரி போடுகிறவர்களுக்குக் கால்வலி சம்பளத்தோடு சேர்ந்து வருவது, நாளெல்லாம் நின்றபடி இயந்திரத்தின் மிதிக்கட்டையை அழுத்துகிற கால் அல்லவா? அதனால் டாக்டரிடம்கூட வாயைத் திறக்கவில்லை. தெருவில் வலி வந்தால் ஏதாவது கடைக் கண்ணாடி முன் நின்று வேடிக்கை பார்ப்பதுபோல் பாவனை செய்வார். அவர் கெட்ட நேரம், வீட்டுக்குப் போகும்போது வலி தினமும் ஒரே இடத்தில்தான் பிடித்தது. பெண்கள் உள்ளாடைக் கடை.

உறைகளை அடுக்கிவைத்துவிட்டுப் பின்னால் வரும் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டாள். அங்கே எவள் இருக்கிறாள் என்று கேட்டாள். யாருமில்லையே என்று சொன்னவர், சும்மா இராமல் மீசையையும் தடவிக்கொண்டார். உள்ளூர அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆம்பளை இல்லை என்று தெரிவதைவிட, அலைகிறான் என்று திட்டு வாங்குவது மேல் என்று நினைத்தார். இந்த ஆண்பிள்ளைகளின் புத்தியை என்னவென்று சொல்ல!

அவள் திட்டவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள். கண்கள் வீங்கியபடி வேலைக்கு வந்தாள். அவருக்கு மீசை தடவிய கை கூசியது, ஆனாலும் குனிந்த தலை நிமிராமல் இஸ்திரி போட்டார்.

ஒரு மத்தியானம் அவள் வெளியே போய்த் திரும்பி வந்து, மேசைக்கு எதிரில் நின்றாள்.

“அந்தக் கடைக்குள்ள போயிட்டுதான் வரேன். வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருத்தர் உக்காந்து பேப்பர் படிக்கிறார். வேற ஒரு ஈ காக்கா கிடையாது. நீங்க யாரைப் பாக்கறீங்க?”

அவர் இஸ்திரி இயந்திரத்தை அணைத்தார். கால் வலிக்கிறது, அதனால்தான் நிற்கிறேன் என்றார். அதன் பிறகு மற்றதும் தானாக வந்துவிட்டது.

“நான் இப்ப ஆம்பளையே இல்லம்மா.”

“அது கிடக்கட்டும். கால் எத்தனை நாளா வலிக்குது?”

மறுநாளே டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் அவரை நன்றாகக் கடிந்துகொண்டார். அந்த ஹார்மோனுக்குத் தாடி மீசையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அதை அடக்கினால் சிலருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறும், குழாய்கள் இறுகும் என்றார். இவருக்குக் காலுக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருந்தது. இன்னும் மறைத்திருந்தால் அடுத்தது நெஞ்சாகவும் இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்தால் கட்டிக்குத் தீனி போட்டதாகிவிடும். அதனால் ஊசி தொடரட்டும், கூடவே மாத்திரை, தினமும் நடை. வலிக்கும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும்.

அன்று மாலை சேர்ந்து நடந்தார்கள். சொல்லிவைத்தாற்போல் அதே கடை முன்னால் கால் பிடித்தது. வெட்கத்தில் அவர் காலை இழுத்துக்கொண்டே நடக்கப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“நில்லுங்க. வலி போற வரைக்கும் நல்லாப் பாருங்க.”

உள்ளே பெரியவர் பேப்பரைத் தாழ்த்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்களுக்குச் சிரிப்பு வந்தது. வலி விட்டதும், முன்னறைப் படுக்கையை இன்றைக்கு உள்ளே எடுத்துப் போட்டுவிடச் சொன்னாள் அவள்.

“ராத்திரியெல்லாம் வியர்த்துக் கொட்டும்மா. உனக்குத் தூக்கம் கெடும்.”

“நானும் நாள் முழுக்க உங்க நீராவியிலதானே நிக்கிறேன்” என்றாள்.