சாயந்திரம் வரைக்கும் ஒரு கையெழுத்து

முதலில் சமையலறைப் பின்கதவைத் திறக்கிறார், அடுத்து ஜன்னலை. ஜன்னல் கம்பியில் மகளின் பழைய ரிப்பன் துண்டு ஒன்று கட்டியிருக்கிறது. அது ஆடுகிறதா என்று நின்று பார்க்கிறார். ஆடினால்தான் சண்முகப்ரியாவின் கைக்கு கேஸ் அடுப்பு லைட்டர் வரும். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து காபிக்காகக் காத்திருக்கும் கணவர் ஜெயகணேஷ், "எங்க வீட்ல மட்டும் பால் காய்ச்சறதுக்கே இன்ஸ்பெக்ஷன் நடக்கும் சார்" என்று எதிர் குவார்ட்டர்ஸ்காரனான என்னிடம் முறையிடுவார். முறையீட்டில் பெருமைதான் கூடுதலாக இருக்கும்.

நெய்வேலியில் நிலக்கரி உண்டு, முந்திரி உண்டு, பலா உண்டு. கப்பல் கிடையாது. ஆனாலும் கப்பலுக்கு நாடி பார்க்கும் ஒருவர் எங்கள் பிளாக்கில் இருக்கிறார். பழுதுபார்க்க வரும் கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் வெல்டர் இறங்குவதற்கு முன்னால், உள்ளே மூச்சுவிடக் காற்று இருக்கிறதா, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் ஆவி இருக்கிறதா என்று யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். சோதித்து, 'இறங்கலாம், நெருப்பு வைக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்தான் மரைன் கெமிஸ்ட். சண்முகப்ரியா இப்போது சான்று பெற்ற மரைன் கெமிஸ்ட். ஆனதற்கும் ஆறு மாதம் முன்னாலேயே ஆகியிருக்க வேண்டியவர். அந்தக் கதைக்கு வருகிறேன்.

எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்ததும், லிக்னைட் என்னும் பழுப்பு நிலக்கரியைப் பொடித்து ஈரமும் சாம்பலும் பார்க்கும் லேப் ஒன்றில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் 'சௌக்கியமா' என்பதற்கு முன்னால் 'பர்மனென்ட் ஆயிடுச்சா' என்றுதான் கேட்போம். பல வருடம் அந்தக் கேள்வியைச் சிரித்துச் சமாளித்த மனுஷி, ஒருநாள் வேலையை விட்டுவிட்டுக் கப்பல் படிப்பு என்று கிளம்பினார். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அம்மா இசக்கியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, கப்பலுக்குள்ள போயி மோந்து பாக்குததுக்கா ஒன்ன எம்மெஸ்ஸி படிக்க வச்சோம்?"

மோந்து பார்ப்பது என்ற பேச்சே சண்முகப்ரியாவுக்கு ஆகாது. "மூக்கு சீக்கிரமே பழகிரும்மா. வந்த அன்னிக்கு டவுன்ஷிப் பூரா சாம்பல் வாசனை அடிக்குதுன்ன. இப்போ அடிக்குதா, சொல்லு." இசக்கியம்மாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.

மனுஷிக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. 'சேஃப்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து வாங்கவே முடியாது. "சேஃப்பா மேடம்?" என்று கேட்டால், "இப்போதைக்கு" என்பார். "என்னைப் பிடிச்சிருக்கான்னு கேட்டாலும் அதே பதில்தான் சார்" என்பது ஜெயகணேஷின் வருத்தம். பிளாக்கில் தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தால், மூடியைத் திறந்துபோட்டு, காற்றைச் சோதிக்கும் மீட்டரின் குழாயை உள்ளே விட்டுப் பார்க்காமல் யாரையும் இறங்க விடமாட்டார். முதல் தடவை பிளாக்கே சிரித்தது, நான் உட்பட. இப்போது தொட்டி கழுவுகிறவர்கள் வந்ததும் அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுகிறார்கள்.

அவருடைய தோள்பையில் உள்ளங்கைக்கு அடங்கும் மீட்டர், அதில் மாட்டுகிற நீளமான ரப்பர் குழாய், டார்ச், எலுமிச்சை சாதம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். கடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் குழாயைப் பார்த்து நர்சம்மா என்று நினைத்து, முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அவரும் குறிஞ்சிப்பாடி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டிடுங்கம்மா" என்பார்.

பயிற்சிக் காலத்தில் அவரைக் கண்காணித்த கெமிஸ்ட் வேலுமணி, வயதில் இளையவர். அவர் இவரை 'அக்கா' என்பார், இவர் அவரை 'சார்' என்பார். தேர்வு எழுத வேண்டுமானால், கண்காணிப்பில் சோதித்த கப்பல்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இருக்க வேண்டும். சண்முகப்ரியாவுக்கு ஒன்றே ஒன்று பாக்கி. விண்ணப்பிக்க மறுநாள்தான் கடைசி. அப்போதுதான் கடலூர் உப்பனாற்றங்கரையில் ஒரு பட்டறைக்கு இழுவைப் படகு ஒன்று வந்து சேர்ந்தது. அதை விட்டால் அடுத்த தேர்வு அரை வருடம் தள்ளி. பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன்.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கழுவிய எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு ப்ளோயர் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. சண்முகப்ரியா தொட்டியின் வாய் வழியாகக் குழாயை மேலே, நடுவே, அடியில் என்று இறக்கி மீட்டரைப் படித்தார். பிறகு தானே இறங்கி மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். கையெழுத்துப் போடுகிறவர் மற்றவர்களுக்கு முன்னால் இறங்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஏறி வந்து சான்றிதழில் கையெழுத்திட்டார், கீழே வேலுமணியும் இட்டார். அந்தக் காகிதத்துக்கு ஆயுள் சாயந்திரம் வரைதான். நடுவில் ப்ளோயர் நின்றுபோனால் அதுவரைகூட இல்லை. "என் கையெழுத்தும் கான்ட்ராக்ட்தான் சார், தினம் தினம் ரினியூவல்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

வெல்டிங்கைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்திருந்தார்கள். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. குறிஞ்சிப்பாடிக்காரரான வெல்டர் சிங்காரவேல், கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டியின் வாயருகே தயாராக நின்றார். உச்சி வெயில். சண்முகப்ரியா அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த எனக்கே சங்கடமாகிவிட்டது.

"அண்ணே, இந்த வெயில்ல உங்க சட்டை மட்டும் எப்படிண்ணே காஞ்சிருக்கு?"

சிங்காரவேல் குனிந்து சட்டையைப் பார்த்துக்கொண்டார். "சாப்ட்டுட்டு அப்பிடியே ஃபேன் காத்துல படுத்துகினு இருந்தோங்க."

"ஃபேனை எங்க சொருகினீங்க?"

படகுக்குப் பக்கத்தில் பிளக் ஒன்றுதான் இருந்தது. சிங்காரவேல் ப்ளோயரைப் பார்த்தார். "கொஞ்ச நேரந்தாங்க. உள்ளதான் யாரும் இல்லியேன்னு புடுங்கனோம். நீங்க வர்றதுக்குள்ள திரும்ப சொருகிட்டோமே."

அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. விடியற்காலையிலிருந்து இரும்போடு மல்லுக்கட்டுகிறவர்கள், சாப்பிட்டபின் அரைக் கண் மூடுவது அந்தப் பட்டறையின் பழக்கம். ஆளில்லாத தொட்டிக்குக் காற்று எதற்கு என்று எனக்கும்தான் தோன்றியது. சண்முகப்ரியா குழாயை மறுபடி இறக்கினார். மேலே ஒன்றுமில்லை, நடுவிலும் இல்லை. அடிக்குப் போனதும் மீட்டர் கத்த ஆரம்பித்தது. தகடு வெயிலில் சுட, துருவுக்குள் ஊறிக் கிடந்த எண்ணெய் ஆவியாகி அடியில் தேங்கியிருக்கிறது.

"நம்ம லிக்னைட் குவியல் மாதிரிதாண்ணே. காலைல சாதுவா கிடக்கும், வெயில் ஏறுனா புகையும்" என்றார். சிங்காரவேல் கையுறைகளைக் கழற்றினார்.

மீட்டர் சத்தம் கேட்டுப் பட்டறை மேஸ்திரி பெரியண்ணன் ஓடிவந்தார். "நாளைக்கு ஆத்துல தண்ணி ஏறும்போது படக எறக்கியாவணும் மேடம். காலைல நீங்கதான கையெழுத்து போட்டீங்க?"

"ஆமா, நான்தான் போட்டேன்." தொட்டியின் வாயருகே ஒட்டியிருந்த சான்றிதழை எடுத்தார், நான்காகக் கிழித்தார்.

வேலுமணி அவரை ஓரமாக அழைத்துப் போனார். "அக்கா, காலைல எடுத்த ரீடிங் கரெக்ட். ப்ளோயர நிறுத்துனது அவங்க தப்பு. இதை உங்க எண்ணிக்கையில சேத்துக்கறேன், நாளைக்கே அப்ளை பண்ணிடுங்க." நியாயமான பேச்சுதான். நானாக இருந்தால் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன்.

"பிளக் ஒண்ணுதான் இருக்குன்னு காலைலயே பார்த்திருக்கணும் சார். மதியம் யார் அதைப் புடுங்குவாங்கன்னு யோசிக்கறதும் இன்ஸ்பெக்ஷன்தான? நான் யோசிக்கல. சேக்காதீங்க."

தொட்டியைச் சுரண்டி, கழுவி, மறுபடி சோதித்து வெல்டிங் தொடங்குவதற்குள் விண்ணப்பத் தேதி போய்விட்டது. சான்றிதழைக் கிழித்த அன்றைக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். மறைக்கவும் முயலவில்லை. வடலூர் தாண்டியதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், எலுமிச்சை சாதத்துல இன்னிக்கு உப்பு கம்மி, இல்ல?" என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அரை வருடம் காத்திருந்து தேர்வை எழுதினார், முதல் தடவையிலேயே தேறினார். பர்மனென்ட் ஆயிடுச்சா என்று எங்கள் பிளாக் இப்போதும் கேட்கிறது. "சாயந்திரம் வரைக்கும்" என்று இப்போதும் சிரிக்கிறார். சமாளிக்கிற சிரிப்பு இல்லை அது.

போன வாரம் அதே பட்டறைக்கு வேறொரு படகு வந்திருந்தது. நானும் போயிருந்தேன். சான்றிதழில் இப்போது ஒரே ஒரு கையெழுத்து, சண்முகப்ரியாவுடையது. ப்ளோயரின் பிளக்கில், யாரும் பிடுங்கக் கூடாது என்பதற்கு அடையாளமாக ரிப்பன் துண்டு ஒன்று கட்டியிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு நாங்கள் படகில் ஏறியபோது, தொட்டியின் வாயருகே சிங்காரவேல் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் சட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிந்தார். வேர்வை சொட்டுச் சொட்டாகத் தகட்டில் விழுந்தது.

சண்முகப்ரியா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பையைத் திறந்து, குழாயை எடுத்து, தொட்டியின் அடிவரை இறக்கினார்.