கிழியாத படம்

வலது கண்ணை இறுக மூடி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, திரையில் இடமிருந்து வலமாக நகரும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கோடு ஓரம் போய்ச் சேர்ந்ததும் மறுபடி புறப்படும். அவரும் மறுபடி பார்ப்பார். கணினித் திரையில் படம் ஓடவைக்கும் நிரல் எழுதும் அவருக்கு அலுவலகத்தில் பெயர் கோட்டுச்சாமி.

கோடு நடுவில் வெட்டுப்பட்டு, மேல்பாதி முன்னும் கீழ்ப்பாதி பின்னுமாக நின்றால் படம் கிழிந்துவிட்டது என்று பொருள். ஒரு படத்தைக் காட்டி முடிக்குமுன் கணினி அடுத்ததற்கு அவசரப்படுவதால் வரும் வினை. இவர் அடுத்த படத்தை மறைவில் முழுதாக வரையவைத்து, ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் திரை மூச்சு விடும் இடைவெளியில் மாற்றிவிடுவார். படம் முழுத்திரையில் ஓடும்போது நிரலின் சன்னல் விளிம்போ சுட்டியின் அம்புக்குறியோ எட்டிப்பார்க்கக் கூடாது.

"அரைகுறையா வரைஞ்சத யாருக்கும் காட்டக் கூடாதுங்க" என்பார். சம்பள உயர்வு கேட்கும் பேச்சையும் அப்படித்தான் பல வருடமாக மனத்துக்குள்ளேயே வரைந்துகொண்டிருக்கிறார்.

வீட்டில் அவரோடு உட்கார்ந்து யாரும் டிவி பார்ப்பதில்லை. கதாநாயகி அழும்போது, "அந்தா, கிழிஞ்சுது பாரு" என்பார். "உங்க சட்டைப் பை கிழிஞ்சு தொங்குது, அது கண்ணுல படாது" என்பாள் மனைவி.

குழுத்தலைவர் பதவி காலியானது. அருங்காட்சியகம் ஒன்றுக்காக ஆளுயரத் திரையில் இவர் நீந்தவிட்ட மீன்களை முதலாளி பார்த்துவிட்டு முடிவுசெய்வதாக ஏற்பாடு. நீங்கள் சரிசெய்யுமுன் கிழிந்து ஓடிய பழைய படத்தையும் பக்கத்தில் ஓடவிடுங்கள், வித்தியாசம் தெரியட்டும் என்று மேலாளர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். "கிழிஞ்சத எப்படி சார் நாலு பேர் முன்னாடி வைக்கிறது?" என்று மறுத்துவிட்டார்.

முதலாளி பார்த்தார். "நல்லாத்தான் ஓடுது. இதுல நீங்க என்ன பண்ணீங்க?"

பதில் மறைவில் உருவாகிக்கொண்டிருந்தது. அதற்குள் முதலாளியின் மச்சினன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், திரையின் மூலையில் விரலை அழுத்தினான்.

"மச்சான், நம்ம கம்பெனி சின்னம் சுத்துது பாருங்க. நான் போட்டது."

சின்னமும் கோட்டுச்சாமியின் நிரலில் ஏறி, ஒரு கிழிசல்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"இனிமே குழுவ நீயே பாத்துக்கடா" என்று முதலாளி அங்கேயே முடித்துவிட்டார்.

காபிக்குக் கூட்டம் கலைந்தது. கோட்டுச்சாமி வலது கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, சுழலும் சின்னத்தைச் சற்றுநேரம் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, திரைக் கண்ணாடியில் பதிந்திருந்த விரல்தடத்தைத் துடைத்தார்.