அம்மா மடியில் கேரியர்

வேலை தேடிச் சுற்றியபோது, பாடாங் செராய் சைக்கிள் கடையில் ஒருவர் பழைய கேரியரைக் கழற்றினார். துருப்பிடித்த நட்டு கிறீச்சிட்டதும் நின்றுவிட்டேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், சைக்கிள் பந்தயக்காரர். இருந்தது ஒரே சைக்கிள். ஒருமுறை அம்மாவையும் என்னையும் அதிலேயே கோலா கெத்தில் பந்தயத்துக்கு ஏற்றிவந்து, பாரம் குறையக் கேரியரைக் கழற்றி அம்மா மடியில் வைத்தார்.

"குடும்ப வண்டியில ரேஸாண்ணே? அண்ணியையும் ஏத்திக்குங்கலா," என்றான் போட்டிக்கு வந்த ஒருவன்.

"அவ ஏறினா நீ என் முதுகக்கூட பாக்க முடியாது, தம்பி."

கடைசி வளைவில் அப்பா மூன்றாவதாக வந்தார். அம்மா கேரியரைத் தலைக்குமேல் தூக்கி, "மிதிங்க, மிதிங்க" என்று கத்தினாள். சீறிப் பாய்ந்து முதலில் வந்தார். தோளில் தூக்க ஓடிவந்தவர்களை விலக்கிவிட்டு அம்மாவிடம் கை நீட்டினார்.

"கேரியரக் கொடு. புள்ள எங்க உக்காருவான்?"

கடைக்காரரிடம் அந்தக் கேரியரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னிடம் சைக்கிள் கிடையாது.